லொரெற்றாவின் நாக்கும் என் மனுசனின் மூக்கும்

என் கணவர் நித்தியானந்தனுக்கு இந்த நாட்டில் சமைக்கத் தெரியாத சாப்பாடு இல்லை. சுவிஸில் இந்தச் சூக் நகரத்துக்கு வந்த புதிதில் இத்தாலிக்காரர் ஒருவரின் கடையில் பீட்சா போட்டார். பிறகு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கைத் துருவித் துருவி றோஸ்டி சுட்டார். அது முடிய, ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலில் மீன் பொரித்தார். வீட்டில் மட்டும் ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது. கேட்டால், "நான் வேலை முடிஞ்செல்லோ வந்திருக்கிறன்" என்பார். நான் என்ன, கலியாண வீட்டுக்குப் போய்விட்டா வந்திருக்கிறேன்?

நான் சிவகலா. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறதென்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். இந்த மனுசனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். ஆனால் சமையல் என்று வந்தால் இவரில் பிழை பிடிக்க எனக்கே வழியில்லை. அதிலும் இவருடைய மூக்கு இருக்கிறதே, அது தனி. அடுத்த வீட்டில் தாளித்தால், "கடுகு கருகிப்போச்சு, பாவம்" என்று இங்கே சோபாவில் இருந்துகொண்டு கவலைப்படுவார்.

ஏரிக்கரை ஹோட்டலை மூடியபோது இவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இனி ஆர் வேலை தருவான் என்று மனுசன் சுருண்டு கிடந்தார். அப்போதுதான் லொரெற்றாவின் கடையில் ஆள் தேடினார்கள். லொரெற்றா அமெரிக்காவின் லூசியானாப் பக்கத்துக் கறுப்பினப் பெண். சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்து, அவர் காலமான பிறகும் திரும்பிப் போகாமல் ஒரு அமெரிக்கச் சாப்பாட்டுக் கடையை நடத்திக்கொண்டிருந்தார். சூக்கில் வேலைக்கு வந்திருக்கும் அமெரிக்கர்களுக்கு அதுதான் தாய்வீடு. இவர் சேர்ந்து ஒரு வருடத்தில் சலாட் வெட்டவும் பாத்திரம் கழுவவும் நானும் போய்ச் சேர்ந்தேன். லொரெற்றாவின் ஜெர்மனும் எங்கள் ஜெர்மனும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. நொண்டி நொண்டி, கையையும் காட்டி, நடுவில் ஆங்கிலத்தையும் போட்டுக் கதைப்போம். அந்த மனுசி சொன்னதையெல்லாம் நான் இங்கே எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன். அதுதான் எனக்கு வரும்.

அந்தக் கடையின் உயிர் கும்போ. நண்டு, றால், கோழி, புகைபோட்ட இறைச்சிக்குழல் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, சோற்றோடு ஊற்றிக் கொடுக்கும் ஒரு தடித்த குழம்பு. முதலாம் நாள் லொரெற்றா இவரிடம் ஒரு கூடை வெண்டிக்காயைக் கொடுத்து, கும்போவுக்கு ஆயத்தப்படுத்தச் சொல்லியிருக்கிறார். நித்தியானந்தன் யாழ்ப்பாணத்து மனுசன் அல்லவா? வெண்டிக்காயைத் துடைத்து, வெட்டி, நிறைய எண்ணெயில் பொரித்து, ஒரு சொட்டுக் கொழகொழப்பு இல்லாமல் மொறுமொறு என்று கொண்டுபோய் வைத்துவிட்டு, மெச்சுவார் என்று நின்றிருக்கிறார்.

"ஐயோ, உதென்ன செய்து வைச்சிருக்கிறீர்?" என்று லொரெற்றா தலையில் கைவைத்தாராம். "அந்தக் கொழகொழப்புத்தான் கும்போ! அதைக் கொன்றுபோட்டெல்லோ வந்து நிக்கிறீர்!"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடவில்லை. "கொழகொழப்புக்காக வெண்டிக்காய் தின்னுற சனமும் உலகத்தில இருக்குதப்பா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பழி வாங்கியதோ என்னவோ, நானும் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் வேலைக்காரருக்கான மத்தியானச் சாப்பாட்டுக்கு இவர் கூழ் காய்ச்சினார். வீட்டிலிருந்து, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா கொண்டுபோய், நண்டு, றால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, புளி, அரைத்த செத்தல் மிளகாய் என்று ஒன்றும் குறைவிடவில்லை. நான் பிறந்ததிலிருந்து சைவம். மச்சம் வாயில் வைத்ததில்லை. ஒரு ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லொரெற்றா ஒரு கிண்ணம் குடித்தார். இரண்டாவது கிண்ணத்தையும் குடித்துவிட்டு, கண்ணாலும் மூக்காலும் தண்ணி ஓட, "இது கும்போ! உமக்கு இதை ஆர் காட்டித் தந்தது?" என்றார்.

"இது எங்கட ஊர்க் கூழ், ஷெஃபின்." முதலாளியம்மாவை ஜெர்மனில் அப்படித்தான் கூப்பிடுவது.

"கூழோ கீழோ, இது கும்போதான்."

அவ்வளவுதான், இரண்டு பேரும் தொடங்கிவிட்டார்கள். லொரெற்றாவின் முன்னோரைச் சங்கிலி போட்டுக் கப்பலில் கொண்டுவந்தபோது வெண்டிக்காயும் ஆபிரிக்காவிலிருந்து அவர்களோடு வந்ததாம். கும்போ என்ற பேரே அவர்களின் ஒரு பாஷையில் வெண்டிக்காய்தானாம். மாவைக் கொழுப்பில் போட்டு வறுக்கிற பழக்கம் பிரெஞ்சுக்காரருடையது. வெண்டிக்காய் இல்லாத காலத்தில், அந்த மண்ணின் பூர்வீகச் சனம் ஒரு மரத்து இலையை இடித்துத் தூளாக்கிக் கொடுத்தது. அதுவும் குழம்பைத் தடிக்கவைக்கும். மிளகாய் ஸ்பெயின்காரரோடு சேர்ந்தது, இறைச்சிக்குழலில் ஜெர்மன்காரரின் கையும் இருக்கிறது.

"எல்லாரும் விரும்பிச் சேர்ந்தவை எண்டு நினைக்காதையும்" என்றார் லொரெற்றா. "அடிச்சவனும் இருந்தான், அடி வாங்கினவளும் இருந்தாள். ஆனால் பானையைத் துழாவினது அடி வாங்கினவள்தான்."

இவர் கூழ்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "எங்கட கூழுக்குள்ள இருக்கிற மிளகாயும் மரவள்ளியும் உங்கட பக்கத்திலயிருந்து கப்பல்காரர் கொண்டுவந்ததாம். பனை மட்டும்தான் எங்கட" என்றார்.

"அப்ப நீர் என்ர சொந்தக்காரன்" என்று லொரெற்றா இவரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இவர் முகத்தில் நூறு பல்பு எரிந்தது. எனக்கோ எரிச்சல். சொந்தமும் பந்தமும் கொண்டாடிக்கொண்டு இரண்டு பேரும் நிற்க, அத்தனை சட்டி பானையையும் ஆர் கழுவுவது?

இப்படியே வருடங்கள் நன்றாகத்தான் போயின. இவருக்கு அந்த அடுப்படி பிடித்துப்போயிற்று. இருந்தாலும் கும்போவுக்கு மா வறுப்பது மட்டும் லொரெற்றாவின் வேலை. அவரின் நீட்டு மர அகப்பையை வேறு ஆரும் தொடக்கூடாது.

பிறகு ஒரு தை மாதத்தில் லொரெற்றா பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் நாள் தவறாமல் ரெலிபோன் எடுத்து, கடையை மூடிவிட்டு வந்துவிடச் சொன்னான். கட்டடக்காரனும் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, தொடருகிறீர்களா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் லொரெற்றா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"மார்டி கிரா செவ்வாய் வருகுது" என்றார். கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முதல்நாள் அது. லூசியானாவில் அன்றைக்கு ஆட்டமும் பாட்டும் சாப்பாடுமாய் ஊரே அமளிப்படுமாம். எங்கள் கடையிலும் அன்றைக்குத்தான் பெரிய பானை ஏறும், இருக்க இடமிருக்காது. "இந்த முறை கும்போ முழுக்க நித்தியின்ர கையால. என்ர சனம் அதைக் கும்போ எண்டு ஒத்துக்கொண்டால் கடை தொடரும். இல்லையெண்டால், புதன்கிழமை கட்டடக்காரன் வரேக்க சாவியைக் குடுத்திட்டு மகனிட்டப் போறன்."

"ஓம், ஷெஃபின். நான் செய்யிறன்" என்றார் இவர்.

இவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்தக் கதவும் மூடினால் வேறொரு கதவைத் தட்ட இவர் போகமாட்டார், எனக்குத் தெரியும். பழையபடி சோபாவில் சுருண்டு கிடப்பார். வீட்டுக்கு வந்து, அந்தச் செவ்வாய் என்ன விசேசமோ என்று கோயில் கலண்டரைப் பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ! அண்டைக்குச் சிவராத்திரி!"

இவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த மனுசன் வேறு விரதம் ஒன்றும் பெரிதாய்ப் பிடிப்பதில்லை, வெள்ளிக்கிழமை சைவம், அவ்வளவுதான். ஆனால் சிவராத்திரி மட்டும் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் விட்டதில்லை. பகல் முழுக்கத் தண்ணி மட்டும், இரவு கோயிலில் கண்விழிப்பு, மறுநாள் விடியச் சாப்பிட்டு விரதம் முடிக்கிற பாறணை.

"ஒரு வருசம் விடுங்கோவன். சிவன் என்ன, கோவிச்சுக்கொண்டு கைலாயத்தை விட்டு இறங்கி வரப்போறாரோ?"

"அதெல்லாம் ஏலாது."

"அப்ப ஷெஃபினிட்டச் சொல்லுங்கோ."

"சொன்னால் அவ பயந்துபோவா. கையால தொட்டால் விரதம் முறியாது, வாயில வைச்சால்தான் முறியும். நான் மணத்திலயே சமைப்பன்."

"கோயில் நைவேத்தியமே இது, மணத்தில சமைக்க?"

"அதையும் ருசி பாக்காமல்தானே சமைக்கிறம். நீர் பேசாமல் இரும்."

பேசாமல் இருக்கிற ஆளா நான்? அந்தக் கிழமை முழுக்க இவரின் காதைத் தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் வந்தது. சூக்கில், அதே தவக்காலத்துக்கு முந்தி வருகிற ஃபாஸ்நாக்ட் கொண்டாட்டம் வேறு. தெருவெல்லாம் முகமூடி போட்ட ஆட்கள் மேளமும் பித்தளை வாத்தியமுமாய்க் காதைக் கிழித்துக்கொண்டு போனார்கள். இவர் விடியவே நெற்றி நிறையத் திருநீற்றோடு அடுப்படிக்கு வந்துவிட்டார். மாவையும் எண்ணெயையும் போட்டு, அந்த நீட்டு அகப்பையை எடுத்துத் துழாவத் தொடங்கினார். கறித்தூளுக்கு மல்லி வறுக்கிற அதே கைதான். நெருப்பைக் குறைத்து, கையை நிறுத்தாமல், மா வெள்ளையிலிருந்து பொன்னாகி, பொன்னிலிருந்து செம்மண் நிறமாகி, அதையும் தாண்டிக் கறுக்கப்போகிற நேரம் பார்த்து வெங்காயத்தைக் கொட்டினார். மணம் எழும்பிய வேகத்தில், சைவக்காரியான எனக்கே வாய் ஊறியது.

லொரெற்றா அன்றைக்குப் பார்த்துக் கடும் தடிமனோடு வந்திருந்தார். மூக்கு இரண்டும் அடைத்து, குரலும் கட்டி, கண் வீங்கி, கதிரையில் ஒரு போர்வையோடு குந்திக்கொண்டிருந்தார். இவர் இறைச்சிக்குழலைப் போட்டார், வழமைபோல உப்பைப் போட்டார். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மணந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மணந்தார். மனுசி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நித்தி, ருசி பாரும்."

"நல்ல மணம் வருகுது, ஷெஃபின்."

"மணத்தை ஆர் கேட்டது? கரண்டியை எடும், வாயில வையும்."

இவர் கரண்டியை எடுத்தார். எடுத்த கரண்டியைத் துடைத்தார். திரும்ப வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவருக்கு இண்டைக்கு விரதம்!" என்று போட்டுடைத்தேன். "தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கமாட்டார். நான் சொன்னன், கேக்கேல்லை!"

லொரெற்றா எழும்பி நின்றார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். "என்ர பானையை ருசி பாக்காமலோ சனத்துக்குக் குடுக்கப்போறீர்? இண்டைக்கோ? இந்த நாளிலயோ?" என்று தொடங்கி, ஜெர்மன் முடிந்து, ஆங்கிலம் முடிந்து, எனக்குத் தெரியாத இன்னொரு பாஷையிலும் ஏசினார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எல்லாம் முடிய, மெல்ல, "சாமிக்குச் சொன்ன சொல்லு, ஷெஃபின்" என்றார்.

அந்த இடத்தில்தான் மனுசி மாட்டுப்பட்டார். நாளைக்குத் தானே விரதம் தொடங்கப்போகிற கத்தோலிக்கப் பெண். சாமிக்குச் சொன்ன சொல்லை விடு என்று அவரால் சொல்ல முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பரிமாறுகிற போர்த்துக்கல்காரர் கார்லோஸ் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "அருமை" என்றார். அவர் சுடுதண்ணி குடித்தாலும் அருமை என்று சொல்லுகிற ஆள். நானோ சைவம். கடைசியில் லொரெற்றா தானே கரண்டியை இடக்கையால் எடுத்து வாயில் வைத்தார். முகம் கோணியது.

"உப்பு! கடல்தண்ணி மாதிரிக் கிடக்குது!"

இறைச்சிக்குழல் இந்த முறை வேறு கடையில் எடுத்தது. அதிலேயே உப்பு அளவுக்கு மேல் இருந்திருக்கிறது. ருசி பார்த்திருந்தால் இவர் அப்போதே பிடித்திருப்பார். ஏச வாயெடுத்த எனக்கு அழுகைதான் வந்தது.

"வேற என்ன குறை, ஷெஃபின்?" என்று இவர் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? மூக்கு அடைச்சுக்கிடக்குது. உப்பும் உறைப்பும் கைப்பும்தான் தெரியுது. மிச்சமெல்லாம் கடதாசியைச் சப்பின மாதிரி."

இவர் நிமிர்ந்தார். "நாக்கு உங்கட. மூக்கு என்ர" என்றார்.

லொரெற்றா இவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து, பானையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இவர் றாலின் ஓட்டுக் கோதை உப்பில்லாமல் அவித்து, வடித்த தண்ணியைப் பானையில் ஊற்றினார். வெண்டிக்காயை இன்னும் அள்ளிப் போட்டார், கொழகொழப்போடுதான். மனுசி ஒரு கரண்டி வாயில் வைத்து, "இன்னும் உப்பு" என்பார். இவர் குனிந்து மணந்து, "கோழி வேகேல்லை" என்பார். "இப்ப உப்புச் சரி, உறைப்புக் காணாது." "மிளகு போடுறன், மிளகாய் வேண்டாம், அது வறுத்த மாவின்ர மணத்தைத் தின்னும்." "செலறி?" "பச்சை மணம் போயிட்டுது." வெளியே தெருவில் மேளம் அடிக்க, உள்ளே இந்த இரண்டு கிழடுகளும் பானைக்கு மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மனுசி ஒரு கரண்டியை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் விழுங்காமல் வைத்திருந்தார். இவர் ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "போதும்" என்றார்கள்.

அன்றைக்குக் கடை நிறைந்து வழிந்தது. லூசியானாவிலிருந்து வந்து வங்கியில் வேலை செய்யும் ஒரு கிழவர், ஆரம்பத்திலிருந்தே எங்கள் வாடிக்கை. ஒரு தட்டுச் சாப்பிட்டார். இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினார். பிறகு லொரெற்றாவைப் பார்த்து, "கை சுகமாகியிட்டுதுபோல!" என்று சத்தம் போட்டார்.

லொரெற்றா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இல்லையே" என்றுவிட்டு, அடுப்படிப் பக்கம் கையை நீட்டினார். கிழவர் எழும்பி வந்து எட்டிப் பார்த்து, திருநீற்றோடு வேர்த்து வழிய நின்ற இவருக்குத் தொப்பியைக் கழற்றினார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் லொரெற்றா கடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நாளைக்கு விடிய ரெண்டுபேரும் வாங்கோ. கட்டடக்காரன் வர முந்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள், கோயிலில் கண்விழித்த களையோடு இவரும், பயத்தோடு நானும் போனோம். லொரெற்றா தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். சாம்பல் புதன். அவரின் நெற்றியில் சாம்பலால் கீறிய ஒரு சிலுவை. இவரின் நெற்றியில் திருநீறு. இருவரும் ஆளை ஆள் பார்த்துச் சிரித்தார்கள்.

மேசையில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார்.

"உம்மட விரதம் முடியிற நேரம் எண்டு சிவகலா சொன்னவ. இது இலைக் கும்போ. இறைச்சி, மீன் ஒண்டும் இல்லை. கீரைவகை மட்டும். இடக்கையால செய்தது. இண்டைக்கு என்ர விரதம், நான் வாயில வைக்கேல்லை. நீர் ருசி பாத்துச் சொல்லும்."

ஒற்றைக் கையோடு, தடிமனோடு, விடிய எழும்பி இந்த மனுசனுக்குப் பாறணைக்குச் சமைத்திருக்கிறார். இவர் கும்பிட்டுவிட்டு ஒரு கரண்டி வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

"எப்பிடி?"

நான் மேசைக்குக் கீழே இவரின் காலை மிதித்தேன். நல்லாயிருக்கு என்று சொல்லித் தொலையுங்கோ!

"மா கருகிப்போச்சு, ஷெஃபின்" என்றார். "உப்பும் காணாது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். பிறகு ஒரு சிரிப்பு. லொரெற்றா இருமி இருமிச் சிரித்தார்.

"மணம் தெரியாமல் வறுத்தால் கருகாமல் என்ன செய்யும்? நேற்று மகன் ரெலிபோனில என்ன சொன்னவன் தெரியுமோ? 'அம்மா, நீங்கள் எதைச் சமைச்சாலும் நல்லாத்தான் இருக்கும்' எண்டான். அங்க போனால் நான் சாகுமட்டும் கருகின கும்போ காய்ச்சிக்கொண்டிருப்பன், ஒருத்தரும் எனக்குச் சொல்லமாட்டினம்."

இவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கருகியதென்று சொன்ன வாய்தான், ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

"நித்தி, இனி உயிர்த்த ஞாயிறு வரும்வரைக்கும் வெள்ளிக்கிழமையில எங்கட ஆக்கள் இறைச்சி தின்னமாட்டினம், மீன்தான். அண்டைக்கு உம்மட கூழைப் போடுவம். நண்டு, றால், அந்தப் பனை மா எல்லாம் போட்டு. பேரையும் கூழ் எண்டே எழுதுவம்."

இவரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை நான் சைவம், ஷெஃபின். மீன் வாயில வைக்கமாட்டன். ருசி பாக்கேலாது."

கடவுளே, இந்த மனுசனுக்கு ஒரு நல்ல வார்த்தையை நல்ல வார்த்தையாய் வாங்கத் தெரியாதா? நான் ஏசுவதற்கு வாயைத் திறக்க, வாசல் மணி அடித்தது. கட்டடக்காரன். லொரெற்றா கதிரையைப் பிடித்து எழும்பி, ஒற்றைக் கையால் ஏப்ரனைச் சரிசெய்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமையில ருசி பாக்க நான் இஞ்ச இருக்கத்தானே வேணும்" என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.